நோயின் பெயரை எழுத ஆள் வேண்டும்

காலனியின் கடைசித் தெருவில் அந்த வீடு. மேலே சிமென்ட் சீட். வாசல் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐந்து ஆண்டுக் காகிதங்கள்: ஓ.பி. சீட்டுகள், காசநோய் மாத்திரை அட்டை இரண்டு, மடித்து மடித்து வெளுத்துப்போன ஓர் எக்ஸ்-ரே, கடைசியாக இறப்புச் சான்றிதழ்.

இறந்தவர் சீட் போடும் தொழிலாளி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதுதான் வேலை. ரைஸ் மில், குடோன், கோழிப்பண்ணை, கல்யாண மண்டபத்துச் சமையல் கூடம் என்று எங்கே ஷெட் போட்டாலும் மேஸ்திரி அவரைக் கூப்பிடுவார். கட்டிங் மிஷினில் சீட்டை அறுப்பது, துளை போடுவது, பழைய சீட்டை உடைத்து இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளைத் தூசு தலையிலும் புருவத்திலும் படிந்துதான் வீடு திரும்புவார். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார். அவருக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

முதலில் மூச்சிரைப்பு. பிறகு வறட்டு இருமல். சளியில் கிருமி இல்லை என்று வந்தது. ஆனாலும் எக்ஸ்-ரேயில் நிழல் இருக்கிறதென்று காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டார். இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் ஆறு மாதம். இரண்டாவது அட்டை முடிந்த சில மாதங்களில் வீட்டிலேயே இறந்துபோனார்.

அவருடைய மனைவியிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "அக்கா, அவர் என்ன வேலை பாத்தாருன்னு ஆஸ்பத்திரியில யாராவது கேட்டாங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பீடி குடிப்பாரான்னு கேட்டாங்க. சாராயம் குடிப்பாரான்னு கேட்டாங்க. வேலையை ஒருத்தரும் கேக்கல தம்பி."

அவர் இறந்தது கல்நார் தூசினாலா, வேறு எதனாலா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சொல்லும் தகுதி உள்ளவர்களோ கேட்கவே இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. அரசு இழப்பீடு என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அது ஒரு குடும்பத்தின் கைக்கு வர, சம்பளம் வாங்கும் ஓர் அரசு மருத்துவப் பணியாளர் ஒரு தாளில் நோயின் பெயரை எழுத வேண்டும். அந்த ஆளை நியமிக்காத வரை இழப்பீட்டுச் சட்டத்தால் பயனில்லை.

தூசு என்ன செய்கிறது?

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் ஒரு கனிமம். பாறையிலிருந்து எடுத்தாலும் பஞ்சு மாதிரி இழை இழையாகப் பிரியும். தீயில் எரியாது, தண்ணீரில் மட்காது, விலையும் குறைவு. அதனால்தான் சிமென்ட்டில் கலந்து கூரைத் தகடாகவும் குழாயாகவும் வார்த்தார்கள்.

நம் மக்களுக்கு அந்தக் கூரை சும்மா வந்ததல்ல. 1968-இல் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்ட மாநிலம் இது. ஓலைக் கூரையை மாற்றிச் சீட் போட்ட அன்று பல வீடுகளில் நிம்மதியாகத் தூங்கினார்கள். மழைக்கு ஒழுகாது, நெருப்புக்குப் பயமில்லை. அந்த நிம்மதியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தகட்டை அறுத்தவரின் நுரையீரல் என்ன ஆனது என்பது வேறு கணக்கு.

கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அதனால் மூன்று பெரிய நோய்கள் வருகின்றன. ஒன்று, நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டாஸிஸ். இரண்டு, நுரையீரல் புற்றுநோய். மூன்று, நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய். வேலையிடத்துக் கல்நாரால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்த நோய்கள் இன்று தூசு பட்டு நாளை வருவதில்லை. 20 ஆண்டு, 30 ஆண்டு, சில நேரம் 40 ஆண்டுகூட ஆகும். அதற்குள் மேஸ்திரி மாறியிருப்பார், கம்பெனி மூடியிருக்கும், தொழிலாளியும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். வேலைக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு அவருடைய நினைவில் மட்டுமே இருக்கும். யாராவது கேட்டால்தான் அது வெளியே வரும்.

இதில் காசநோயும் குறுக்கிடுகிறது. கல் குவாரித் தூசினால் வரும் சிலிக்கோசிஸ், கல்நார் தூசினால் வரும் ஆஸ்பெஸ்டாஸிஸ் இரண்டிலும் இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு, எக்ஸ்-ரேயில் நிழல் எல்லாம் உண்டு. ஏழை, ஒல்லியான உடம்பு, காலனி முகவரி என்றால் காசநோய் என்ற எண்ணம்தான் முதலில் வரும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எக்ஸ்-ரே படிக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும், மூச்சை ஊதச் சொல்லி நுரையீரலின் கொள்ளளவைப் பார்க்கும் கருவி வேண்டும், அதை இயக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் "என்ன வேலை செய்தீர்கள்?" என்ற கேள்வி வேண்டும். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, நோயாளியிடம் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள் என்று 1700-இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஆஸ்பெஸ்டாஸிஸும், கல்நாரால் வரும் புற்றுநோயும் தொழில்சார் நோய்களாக இடம்பெற்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இத்தகைய நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் அதைத் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பழைய சட்டங்களின் இடத்தில் இப்போது வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் தொடர்கிறது.

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கல்நார் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய தீர்ப்பைக் கொடுத்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவமும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது தீர்ப்பு. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நோய் உறுதியானவர்களுக்கு நிறுவனம் 1 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி. ஆந்திரத்தைச் சேர்ந்த தலித் நீதிபதி. உச்ச நீதிமன்ற வரலாற்றில் விரல் விட்டு எண்ணக்கூடிய தலித் நீதிபதிகளில் ஒருவர். அவருக்கு முன்னால் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். ஆலைத் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை அவருடைய காலத்தில்தான் வந்தது. பிறகு அது 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டமாக விளைந்தது. தொழிலாளியின் நெஞ்சுக்குள் இருக்கும் தூசும் அரசின் பொறுப்பு என்று சட்டத்தில் எழுத வைத்ததில் நம்மவர்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் அந்தச் சட்டம் யாரை எட்டுகிறது? கல்நார் தொழிற்சாலைக்குள் வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளியை ஓரளவு எட்டும். அவருக்கு வருகைப் பதிவேடு உண்டு, இ.எஸ்.ஐ. எண் உண்டு. தொழிற்சாலையை விட்டு லாரியில் ஏறிய தகட்டை நம் ஊரில் அறுப்பவர், துளை போடுபவர், புயலில் உடைந்ததை வாரிக் கொட்டுபவர், பழைய கட்டடத்தை இடிப்பவர், குப்பைக் கிடங்கில் அதைப் பிரிப்பவர் ஆகியோருக்கு எந்தப் பதிவேடும் இல்லை. இந்த வேலைகளை ஊரில் யார் செய்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கலாம். அங்கே விபத்து மரணத்துக்கு ஒரு தொகை, இயற்கை மரணத்துக்கு அதைவிட மிகக் குறைந்த ஒரு தொகை. சாரத்திலிருந்து விழுந்தால் விபத்து. இருபத்தைந்து ஆண்டு தூசைச் சுவாசித்து இறந்தால்? மருத்துவர் நோயின் பெயரையும் வேலையையும் சேர்த்து எழுதாவிட்டால் அது 'இயற்கை மரணம்' என்றுதான் பதிவாகும்.

ஜப்பான், தென்னாப்பிரிக்கா

மற்ற நாடுகளில் இந்தப் பணம் எப்படிக் கைக்கு வந்தது என்று பார்ப்பது உதவும்.

ஜப்பானின் அமகாசாகி நகரில் கல்நார் குழாய் செய்த குபோட்டா நிறுவனத்தின் ஆலை இருந்தது. தொழிலாளர்கள் பலர் இறந்ததும், ஆலைக்குள் கால் வைக்காத அக்கம்பக்கத்து மக்களுக்கும் மீசோதீலியோமா வந்ததும் 2005-இல் வெளியானது. அடுத்த ஆண்டே, 2006-இல், தொழிலாளர் காப்பீட்டுக்குள் வராதவர்களுக்கும் நிவாரணம் தரும் சட்டம் வந்தது. அதற்கான நிதியை அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து கொடுக்கின்றன. 2021 மே 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. கட்டுமானத் தொழிலாளர்களைக் காக்கத் தவறியதற்கு அரசே பொறுப்பு என்றது. தனி ஆளாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கும், அதாவது நம் ஊர் சீட் போடும் ஆளைப் போன்றவர்களுக்கும், இது பொருந்தும் என்றது. அடுத்த மாதமே சட்டம் இயற்றி, ஒருவருக்கு 55 லட்சம் யென் முதல் 1 கோடியே 30 லட்சம் யென் வரை கொடுக்க வழி செய்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே கல்நார் சுரங்கங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் கருப்பினத்தவர். நிறவெறி ஆட்சியில் சுரங்க நோய்க்கான இழப்பீட்டுச் சட்டமே வெள்ளையருக்கு ஒரு கணக்கு, கருப்பருக்கு ஒரு கணக்கு என்று வைத்திருந்தது. 1993-இல்தான் அந்தப் பாகுபாடு சட்டத்திலிருந்து நீங்கியது. கேப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மீது ஏறத்தாழ 7,500 பேர் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். அங்கேயே விசாரிக்கலாம் என்று 2000-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2003-இல் ஒரு தொகை கிடைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. சட்டத்தில் சமத்துவம் வந்த பின்னும் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களின் விண்ணப்பங்கள் ஆண்டுக் கணக்கில் தேங்கின. பரிசோதித்துச் சான்று தரும் அரசு அலுவலகத்தில் போதிய மருத்துவர்கள் இல்லை, எழுத்தர்கள் இல்லை. அலுவலகம் ஜோகன்னஸ்பர்க்கில், நோயாளிகளோ தொலைதூரக் கிராமங்களில். சட்டம் மாறியும் பணம் நகரவில்லை. காத்திருந்தே பலர் இறந்தார்கள்.

ராஜஸ்தான் காட்டும் வழி

நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ராஜஸ்தானில் மணற்கல், மார்பிள் சுரங்கங்களில் உழைப்பவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் ஆதிவாசிகளும். தூசு நோய்களுக்கென்று 2019 அக்டோபரில் அம்மாநில அரசு ஒரு கொள்கை அறிவித்தது. நோய் உறுதியானதும் 3 லட்சம் ரூபாய், இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், உயிரோடு இருக்கும்வரை மாத ஓய்வூதியம். முதலாளி யார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் முக்கியம். அரசு மருத்துவர்கள் கொண்ட வாரியம் சான்று கொடுத்தால் போதும். கனிம வருவாயிலிருந்து சேரும் மாவட்டக் கனிம நிதியும் இதற்குப் பயன்படுகிறது.

இன்னொரு வழக்கும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஆதிவாசிகள் குஜராத்தின் கண்ணாடிக்கல் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போய் சிலிக்கோசிஸோடு திரும்பினார்கள். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 2010-இல் பரிந்துரைத்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நிறைவேற்றுமாறு குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. 238 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. கிராமம் கிராமமாகப் போய், பெயர் எழுதி, எந்த ஆலை, எத்தனை மாதம் என்று கேட்டுத் தொகுத்த பட்டியல் அது.

மலக்குழி மரணங்களிலும் இதுவே நடந்தது. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிக் கண்டறிந்து ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. குழிக்குள் இறப்பவரை ஊரே பார்க்கிறது. அப்படியிருந்தும் அந்தத் தொகைக்கு இத்தனை ஆண்டுப் போராட்டம். நெஞ்சுக்குள் இருபது ஆண்டு மெதுவாக நடக்கும் சாவை யார் பார்ப்பது?

'சம்பளச் செலவு' என்ற சாக்கு

பார்க்க வேண்டியவர் அரசு சுகாதாரப் பணியாளர். அவரை நியமிப்பதைத்தான் அரசுகள் செலவாகக் கருதுகின்றன.

மாணவர்கள் இங்கே பட்ஜெட் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனைக்குக் கட்டடம் கட்டினால் அது 'மூலதனச் செலவு'. சொத்து சேர்ந்ததாகக் கணக்கு. அதே கட்டடத்தில் மருத்துவர், செவிலியர், எக்ஸ்-ரே எடுப்பவர் ஆகியோருக்குக் கொடுக்கும் சம்பளம் 'வருவாய்ச் செலவு'. செலவைக் குறை என்று மேலிருந்து சொல்லும்போது முதலில் கை வைப்பது இதில்தான். ரிப்பன் வெட்டிப் புதுக் கட்டடம் திறக்கலாம், கருவியும் வாங்கலாம். அதை இயக்கும் பணியிடத்தைக் காலியாக விட்டால் சேமிப்பு என்று கணக்கில் வரும்.

மத்திய அரசின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரப்படி, நாட்டின் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பற்றாக்குறை. 2017-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. அந்த இலக்கை எட்டவில்லை. தமிழ்நாடு பல மாநிலங்களைவிட நல்ல நிலையில் இருக்கிறது. ஆனாலும் 2015-இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்களே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு மருத்துவமனைகளின் துப்புரவுப் பணி ஒப்பந்தக்காரர்களிடம் போய்விட்டது. அங்கே துடைப்பம் பிடிப்பவர்களும் நம் தெருக்காரர்கள்தான்.

ஒரு நாள் காலையில் நூறு, நூற்றைம்பது நோயாளிகளைப் பார்க்கும் ஒற்றை மருத்துவரிடம் போய், "முப்பது ஆண்டுக்கு முன் என்ன வேலை செய்தார் என்று ஏன் கேட்கவில்லை?" என்று சண்டை போடுவதில் நியாயமில்லை. ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் இடத்தில் மாத்திரைதான் எழுத முடியும். அவருக்கு நேரம் இல்லாமல் செய்தவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், எழுதப்படாத நோய்களாகவும் கொடுக்கப்படாத இழப்பீடுகளாகவும் காலனி வீடுகளின் தலையில் விழுகிறது.

பிரிட்டனில் மீசோதீலியோமாவால் ஆண்டுக்கு 2,000-க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்று அரசே எண்ணிச் சொல்கிறது. 1999-இல் அங்கே கல்நாரை முழுமையாகத் தடை செய்துவிட்டார்கள். இந்தியாவிலோ 1986-க்குப் பிறகு புதிய கல்நார் சுரங்கத்துக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி மட்டும் தொடர்கிறது. நம் நாட்டில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. எண்ணாத சாவைக் காட்டி யாரும் தடை கேட்க முடியாது. "இங்கே பாதிப்பே இல்லையே" என்று கம்பெனிகள் சொல்வதற்கு இது வசதியாக இருக்கிறது.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. ஓ.பி. சீட்டில் வயது, பாலினம் போல 'செய்த வேலை' என்று ஒரு கட்டம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வருபவர்கள் கேட்க இந்த ஒரு கேள்வி. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் தூசு நோய்ப் பிரிவு. அதற்கு நுரையீரல் மருத்துவர், எக்ஸ்-ரே நிபுணர், மூச்சுப் பரிசோதனை செய்பவர் என நிரந்தரப் பணியிடங்கள். ராஜஸ்தான் போல, முதலாளி யார் என்று கேட்காமல் சான்றின் பேரில் பணம்.

குடும்பங்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. கல் குவாரி, சீட் வேலை, கட்டடம் இடிப்பு, ஆலைத் தூசு என எதில் உழைத்திருந்தாலும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். "இத்தனை ஆண்டு இந்த வேலை, சீட்டில் எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். எக்ஸ்-ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். நல வாரிய அட்டை, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, கூட வேலை செய்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

நாம் வாங்கும் இறப்புச் சான்றிதழில் சாவுக்கான காரணம் இருக்காது. அது 'படிவம் 4' என்ற மருத்துவச் சான்றில் இருக்கும். வீட்டில் இறந்தால், கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் தருவது 'படிவம் 4ஏ'. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, காரணச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்குத் தரப்பட வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இழப்பீடு கோரக் காலக்கெடு உண்டு. துக்கம் முடியட்டும் என்று ஆண்டுக் கணக்கில் தள்ளிப் போடக் கூடாது. வழக்குக்குப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கான அலுவலகம் இருக்கிறது.

சீட் வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. உடையாமல் இருக்கும் தகட்டின் கீழ் வாழ்வதும் அதை அறுத்துத் தூசைச் சுவாசிப்பதும் ஒன்றல்ல. ஆனால் பழைய சீட்டில் துளை போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். உடைந்தால் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு எடுங்கள், உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள். சீட் வேலைக்குப் போய் வந்தவரின் துணியை உதறாமல், தனியாக நனைத்துத் துவையுங்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் கடந்த பத்து ஆண்டுகளில் மூச்சிரைத்து இறந்தவர்கள் யார், அவர்கள் என்ன வேலை செய்தார்கள், எங்கே, எத்தனை ஆண்டு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வயதானவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும். குஜராத் வழக்கின் 238 பெயர்களும் இப்படித்தான் சேர்ந்தன.

அந்த அக்காவின் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவருடைய மகள் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'சீட் போடும் வேலை, 1994 முதல்' என்று எழுதினாள். "அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் குவாரியில இருந்தாரு, அதையும் எழுது" என்றார் அம்மா. அதையும் எழுதினாள்.

இதுவரை எந்த அரசுத் தாளிலும் இல்லாத விவரம் அது.